ஒரே கார்டு, இரண்டு எண்கள்: கைப்பேசியிலும் ஸ்மார்ட்வாட்ச்சிலும் தொட்டுச் செலுத்துவது

லண்டன் பாதாள ரயில் நிலையங்களில் வாயிலைத் திறக்கும் மஞ்சள் நிற வாசிப்பான் பயணியின் வலக்கைப் பக்கம் பொருத்தப்பட்டிருக்கிறது. பெரும்பாலானோர் கைக்கடிகாரத்தை இடக்கையில் கட்டுகிறார்கள். ஆகவே ஸ்மார்ட்வாட்ச்சில் கட்டணம் செலுத்தும் பயணி, இடக்கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுவந்து, கடிகாரத்தின் முகப்பு வாசிப்பானைப் பார்க்கும்படி மணிக்கட்டைக் கவிழ்க்க வேண்டியிருக்கிறது. குளிர்காலமென்றால் அதற்கு முன்பே கோட்டின் கைப்பகுதியை மேலே இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். அவருக்குப் பின்னால் வரிசை காத்திருக்கும். கைப்பேசியால் வாயிலைத் திறப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவர் அதைச் சட்டைப்பையிலிருந்தோ கைப்பையிலிருந்தோ வெளியே எடுக்க வேண்டும், தொட்டு முடித்தபின் கூட்டத்துக்குள் பத்திரமாக உள்ளே வைக்க வேண்டும், பறிப்பவர்களிடமிருந்து காக்க வேண்டும்.

கைப்பேசியா கைக்கடிகாரமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு இத்தகைய வசதிக்குறைவுகளைச் சுற்றியே நடக்கிறது. அவை உண்மையானவைதான் என்றாலும், வேறுபாட்டின் வேர் அங்கே இல்லை. பணம் செலுத்துபவர் உரியவர்தானா என்பதைக் கருவி எந்தக் கணத்தில் சரிபார்க்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. கைப்பேசி பொதுவாகச் செலுத்தும் கணத்தில் கேட்கிறது. கைக்கடிகாரம் காலையில் கட்டும்போது ஒருமுறை கேட்டுவிட்டு, கழற்றும்வரை அந்த விடையையே நம்பியிருக்கிறது. களவு போனால் என்ன ஆகும், கடிகாரம் ஏன் சிலரது கையில் திரும்பத் திரும்பப் பூட்டிக்கொள்கிறது என்பவற்றுக்கெல்லாம் விடை இங்கிருந்துதான் கிடைக்கிறது. ஆனால் பேருந்தில் ஏன் சிலசமயம் இருமடங்கு கட்டணம் கழிகிறது என்பதற்கு விடை இன்னொரு ஏற்பாட்டில், இரண்டு கருவிகளுக்கும் தனித்தனிக் கார்டு எண் தரப்படுவதில், இருக்கிறது. இவ்விரண்டையும் தெரிந்துகொள்ளாமல் கருவியைத் தேர்ந்தெடுப்பது பொருத்தமற்றது என்பது என் கருத்து.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடலாம். சிப் பதித்த வங்கிக் கார்டு எந்த 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கடைக்காரரின் கார்டு மெஷினுடன் தொடர்புகொள்கிறதோ, அதே அலைவரிசையில்தான் கைப்பேசியும் கைக்கடிகாரமும் தொடர்புகொள்கின்றன. என்எஃப்சி எனப்படும் இந்தத் தொடர்பு சில சென்டிமீட்டர் தூரத்துக்கு மேல் எட்டாது. தன் மேல் வைக்கப்பட்டது பிளாஸ்டிக் அட்டையா, ஐபோனா, கார்மின் நிறுவனத்தின் ஸ்மார்ட்வாட்ச்சா என்பது மெஷினுக்குப் பொருட்டில்லை. ஒரு கார்டு எண்ணும், அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டுமே செல்லுபடியாகும் ஒரு மறைகுறியும் கிடைத்தால் அதற்குப் போதும். கான்டாக்ட்லெஸ் கார்டை, அதாவது தொட்டுச் செலுத்தும் கார்டை, ஏற்கும் மெஷினை ஏற்கெனவே வைத்திருந்த கடைகள், 2014 அக்டோபரில் அமெரிக்காவில் ஐபோனால் தொட்டுச் செலுத்தும் ஆப்பிள் பே சேவை தொடங்கியபோதும், 2015 ஏப்ரலில் ஆப்பிள் வாட்ச் விற்பனைக்கு வந்தபோதும், புது மெஷின் வாங்க வேண்டிய தேவை ஏற்படாததற்கு இதுவே காரணம்.

மெஷினுக்குப் போகும் அந்தக் கார்டு எண், அட்டையில் அச்சிடப்பட்ட எண் அன்று. விசா, மாஸ்டர்கார்டு உள்ளிட்ட ஆறு கார்டு நிறுவனங்களுக்குச் சொந்தமான இஎம்விகோ என்ற அமைப்பு 2014 மார்ச்சில் டோக்கன் நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி, ஒரு கார்டை நாம் கருவியில் சேர்க்கும்போது, அதற்கு மாற்றாக அந்தக் கருவிக்கு மட்டுமே உரிய வேறோர் எண் உருவாக்கப்படுகிறது. ஆப்பிள் கருவிகளில் இந்த எண் மற்ற மென்பொருள்கள் தொட முடியாத தனிப் பாதுகாப்புச் சில்லில் வைக்கப்படுகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 2013-இல் வந்த 4.4 பதிப்பு முதல், அத்தகைய சில்லு இல்லாமலே மென்பொருளின் வழியாகக் கார்டாக நடந்துகொள்ளும் முறையும் உண்டு. அதில் சில தடவைகளுக்கு மட்டுமே பயன்படும் சாவிகளைக் கருவி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. எந்த முறையானாலும் கடைக்காரர் கையில் நம் உண்மையான கார்டு எண் சிக்குவதில்லை. இங்கே மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒரே டெபிட் கார்டை ஒருவர் தம் கைப்பேசியிலும் கடிகாரத்திலும் சேர்த்தால், அதற்கு இரண்டு வெவ்வேறு எண்கள் பிறக்கின்றன. அச்சிட்ட அட்டையின் எண்ணையும் சேர்த்தால் மூன்று.

வானலைப் பக்கத்தில் ஒரு சிறு வேறுபாடு இருக்கிறது. மெஷின் எழுப்பும் மின்காந்தப் புலத்தைச் சற்றே கலைப்பதன் மூலம்தான் பிளாஸ்டிக் அட்டை தன் பதிலை அனுப்புகிறது. அதற்கு அட்டையின் ஓரங்களைச் சுற்றி ஓடும் பெரிய ஆன்டெனா உதவுகிறது. கைக்கடிகாரத்துக்குள் அவ்வளவு இடம் கிடையாது, சுற்றிலும் உலோகம் வேறு. எனவே சிறு கருவிகளில் சில்லு தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து, மெஷினின் புலத்தோடு தாளம் பிசகாமல், தானே ஓர் அலையை எழுப்பிப் பதில் சொல்லும்படி அமைக்கிறார்கள். அப்படியும் முகப்பு நேராக மெஷினை நோக்கியிருந்தால்தான் ஒழுங்காக எடுக்கும். ஐபோனில் ஆன்டெனா மேல்விளிம்பில் இருப்பதால் அதன் தலைப்பகுதியைக் காட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் முதுகுப் பக்கத்தைக் காட்ட வேண்டும். பழகிவிட்டால் இவை ஒரு பொருட்டே இல்லை.

இனி, உரியவரைச் சரிபார்க்கும் விஷயத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் கார்டைத் தொட்டுச் செலுத்தும்போது யாரும் யாரையும் சரிபார்ப்பதில்லை. கையில் வைத்திருப்பவரே உரியவர். அந்த ஆபத்தைக் குறுக்குவதற்காகவே வங்கிகளும் அரசுகளும் தொகைக்கு வரம்பு வைத்தன. பிரிட்டனில் 2007-இல் இந்த முறை அறிமுகமானபோது வரம்பு 10 பவுண்டாக இருந்தது. அது 2010-இல் 15 ஆகவும், 2012-இல் 20 ஆகவும், 2015-இல் 30 ஆகவும் உயர்ந்து, கொரோனா தொற்றுக் காலத்தில் 2020 ஏப்ரலில் 45 பவுண்டை எட்டி, 2021 அக்டோபரில் 100 பவுண்டு ஆனது. கைப்பேசிக்கும் ஸ்மார்ட்வாட்ச்சுக்கும் இந்த வரம்பு பொருந்தாது. காரணம், பரிவர்த்தனைச் செய்தியோடு சேர்த்து, ‘உரியவரை இந்தக் கருவியே சரிபார்த்துவிட்டது’ என்ற ஒரு குறிப்பையும் அவை மெஷினுக்கு அனுப்புகின்றன. அந்தக் குறிப்பைப் புரிந்துகொள்ளும் மெஷின் மேற்கொண்டு பின் எண் கேட்காது. புரிந்துகொள்ளாத பழைய மெஷின்கள்தாம் கைப்பேசியையும் சாதாரணக் கார்டாகக் கருதி வரம்புக்கு மேல் மறுத்துவந்தன.

சரிபார்த்துவிட்டதாக இரண்டு கருவிகளும் ஒரே குறிப்பைத்தான் அனுப்புகின்றன. ஆனால் அந்தச் சரிபார்ப்பு நடந்த நேரம் ஒன்றன்று. ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானை இருமுறை அழுத்தியதும் கருவி நம் முகத்தைப் பார்க்கிறது, அல்லது கடவு எண்ணைக் கேட்கிறது. அதன் பிறகே மெஷினுக்குப் பதில் சொல்லத் தயாராகிறது. சரிபார்ப்புக்கும் செலுத்தலுக்கும் இடையே சில நொடிகள்தான். ஆப்பிள் வாட்ச்சிலோ காலையில் வாரைப் பூட்டி, சிறு திரையில் கடவு எண்ணைத் தட்டியவுடன் சரிபார்ப்பு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மாலை ஏழு மணிக்குப் பலசரக்குக் கடையில் பொத்தானை இருமுறை அழுத்துவது, ‘இப்போது செலுத்த விரும்புகிறேன்’ என்ற ஒப்புதலைத்தான் காட்டுகிறது. ஆள் யார் என்ற கேள்விக்கு விடை காலையிலேயே பெறப்பட்டுவிட்டது. இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் கடிகாரம் கையை விட்டு நீங்கவில்லை என்பதற்கு அதன் அடிப்பக்கத்தில் தோலை ஒட்டி இருக்கும் ஒளி உணரிகளே சாட்சி. நாடித் துடிப்பை அளக்க வைக்கப்பட்ட அதே பகுதிதான் இங்கே பணப் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்கிறது.

அந்தச் சாட்சி எப்போதும் உறுதியாக இருப்பதில்லை. ஆப்பிள் வாட்ச் வெளிவந்த 2015-ஆம் ஆண்டிலேயே, மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தவர்களின் கடிகாரம் அடிக்கடி தானாகப் பூட்டிக்கொள்வதாகப் புகார்கள் வந்தன. பச்சையின் மை உணரியின் ஒளியைத் தடுத்துவிடுவதால் இப்படி நேரலாம் என்று அந்த நிறுவனமும் ஒப்புக்கொண்டது. வாரைத் தளர்வாகக் கட்டுபவர்களுக்கும் இதே அனுபவம் உண்டு. கடிகாரம் கையைவிட்டு நீங்கியதாக நினைத்தால் பூட்டிக்கொள்வதே முறை என்பதால் இதைக் குறையென்று சொல்ல முடியாது. ஐயம் வந்தால் மறுப்பது என்ற கொள்கையின் விலை இது. ஆனால் கையை மெஷின் மேல் நீட்டி நிற்கும்போது கடிகாரம் கடவு எண் கேட்டால், கைப்பேசியை எடுத்திருக்கலாமே என்று தோன்றத்தான் செய்யும். ஆகவே வார் தோலோடு படிந்திருக்க வேண்டும் என்ற அறிவுரை நாடித் துடிப்புக்கு மட்டுமன்றிப் பணம் செலுத்தவும் பொருந்தும்.

மற்ற நிறுவனங்களும் இதே வழியில் சென்றாலும் எவ்வளவு நேரம் நம்புவது என்பதில் வேறுபடுகின்றன. 2017-இல் தொடங்கிய கார்மின் பே என்ற அந்நிறுவனத்தின் கட்டண முறை, கடிகாரம் கையிலேயே இருந்தாலும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கடவு எண்ணைக் கேட்கிறது. ஓட்டப் பயிற்சிக்காரர்கள் இரவிலும் தூக்கத்தை அளப்பதற்காக அந்தக் கடிகாரத்தைக் கழற்றாமல் இருப்பவர்கள் என்பதை நினைத்தால் இந்த விதி நியாயமாகவே படுகிறது. நாள்கணக்கில் கழற்றப்படாத கடிகாரத்தில் ஒருமுறை பெற்ற விடையையே நம்பிக்கொண்டிருப்பது சரியாகாது.

ஆப்பிள் வாட்ச்சில் இன்னொரு வழியும் இருக்கிறது. கடிகாரத்தைக் கட்டியபின் அதில் கடவு எண்ணைத் தட்டாமல், அருகிலிருக்கும் ஐபோனைத் திறந்தாலே கடிகாரமும் திறந்துகொள்ளும்படி அமைத்துக்கொள்ளலாம். வசதிதான். ஆனால் கடிகாரம் அப்போது யார் கையில் இருக்கிறது என்பதைக் கைப்பேசி அறியாது. ஏதோ ஒரு கையில் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். வீட்டில் பிள்ளை விளையாட்டாக அப்பாவின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்பா தம் கைப்பேசியைத் திறந்தால், பிள்ளையின் கையிலிருக்கும் கடிகாரம் அப்பாவின் பணத்துக்கு அனுமதி பெற்றுவிடக்கூடும். கடிகாரத்தில் கார்டு சேர்த்திருப்பவர்கள் இந்த அமைப்பை நிறுத்திவைப்பது நல்லது என்று நினைக்கிறேன். நாளொன்றுக்கு ஒருமுறை சில எண்களைத் தட்டுவது பெரிய பாரமன்று.

களவு என்று வரும்போது கடிகாரத்தின் பக்கம்தான் தராசு சாய்கிறது. பறிப்பவன் வாரை அவிழ்த்த கணத்திலேயே கடிகாரம் பூட்டிக்கொள்கிறது. கடவு எண் தெரியாமல் அதில் ஒரு காசு செலுத்த முடியாது. அதைவிட, அந்தக் கடவு எண்ணைப் பொது இடத்தில் யாரும் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு, ஏனெனில் அது பெரும்பாலும் வீட்டில், காலையில், ஒருமுறை மட்டும் தட்டப்படுகிறது. கைப்பேசியின் கடவு எண்ணை நாம் பேருந்திலும் உணவகத்திலும் வரிசையிலும் பலமுறை தட்டுகிறோம். அதைத் தோளுக்குப் பின்னிருந்து பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு கைப்பேசியைப் பறிக்கும் கும்பல்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரும் தொல்லையாக வளர்ந்தன. முகம் பொருந்தாவிட்டால் கடவு எண்ணை ஏற்கும் முறை இருப்பதால், எண் தெரிந்தவனுக்கு ஆப்பிள் பேயும் திறந்துவிடும். இதற்கு மருந்தாக 2024 ஜனவரியில் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 17.3 பதிப்போடு களவுக்காப்பு ஒன்று வந்தது. பழக்கமான இடங்களுக்கு வெளியே இருக்கும்போது, சேமித்த கடவுச்சொற்களைப் பார்ப்பது, கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுவது போன்றவற்றுக்கு முகமோ விரல்ரேகையோ கட்டாயம் என்று அது ஆக்கியது. ஆனால் கடையில் ஆப்பிள் பே மூலம் வாங்குவதற்குக் கடவு எண் அப்போதும் போதும் என்று விட்டுவைத்தது. அதனால் அந்தக் காப்பை இயக்கிவிட்டோம் என்று கைப்பேசியின் கடவு எண்ணைக் கவனக்குறைவாகக் கையாளக்கூடாது.

கருவி களவு போனபின் செய்ய வேண்டியதிலும் டோக்கன் முறையின் நன்மை தெரிகிறது. கடிகாரத்துக்குத் தரப்பட்ட எண்ணை மட்டும் வங்கியோ கருவி நிறுவனமோ செயலிழக்கச் செய்தால் போதும். கைப்பேசியிலிருக்கும் எண்ணும் அச்சிட்ட அட்டையும் வழக்கம்போல் இயங்கும். கார்டையே முடக்கிவிட்டுப் புது அட்டைக்காக நாள்கணக்கில் காத்திருக்கும் பழைய அவதி இதில் இல்லை.

போக்குவரத்தில் மட்டும் இந்தச் சரிபார்ப்பு முழுவதுமே வேண்டுமென்றே தள்ளிவைக்கப்படுகிறது. லண்டன் போக்குவரத்து அமைப்பு 2012 டிசம்பரில் பேருந்துகளிலும், 2014 செப்டம்பரில் பாதாள ரயிலிலும் வங்கிக் கார்டுகளை ஏற்கத் தொடங்கியது. வாயிலில் நெரிசல் ஏற்படாதிருக்க ஒரு தொடுதல் அரை நொடிக்குள் முடிந்தாக வேண்டும் என்பது அவர்களது நிபந்தனை. வங்கியைக் கேட்டு விடை வாங்க அது போதாது என்பதால், வாயில் கார்டு உண்மையானதா என்பதை மட்டும் பார்த்துத் திறந்துவிடுகிறது. கட்டணம் அந்த நாள் முடிந்தபின் கணக்கிடப்பட்டுக் கழிக்கப்படுகிறது. கைப்பேசியை எடுத்து, முகத்தைக் காட்டி, பிறகு தொடுவதற்கு இந்த அரை நொடியில் இடமில்லை. அதனால் ஆப்பிள் 2019-இன் இறுதியில், முகமும் கடவு எண்ணும் பொத்தானும் இல்லாமல் தொட்டாலே செல்லும் விரைவுப் பயண முறையை லண்டனில் அளித்தது. கைப்பேசிக்கும் கடிகாரத்துக்கும் இது பொதுவானது.

சரிபார்ப்பைத் தள்ளிவைத்தால் என்ன நேரலாம் என்பதை பர்மிங்காம், சரே பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினார்கள். விரைவுப் பயண முறையில் விசா கார்டு சேர்க்கப்பட்ட ஐபோன் ஒன்றுக்கு, ரயில் வாயில் அனுப்புவது போன்ற குறியீட்டைத் தங்கள் கருவியால் அனுப்பினார்கள். பூட்டப்பட்டிருந்த கைப்பேசி அதை வாயில் என்றே நம்பியது. கிடைத்த பதிலில் ‘உரியவர் சரிபார்க்கப்பட்டார்’ என்ற குறிப்பு இருப்பதுபோல் மாற்றி, கடையில் வைக்கும் ஒரு கார்டு மெஷினுக்குக் கடத்தி, 1,000 பவுண்டு வரை செலுத்தச் செய்தார்கள். நடைமுறையில் இப்படித் திருடுவது எளிதன்று என்பது விசாவின் நிலைப்பாடு. அது ஓரளவு சரியாகவே இருக்கலாம். ஆனாலும், பயணத்துக்கென்று ஒதுக்கும் கார்டு, நிறையப் பணம் இருக்கும் முதன்மைக் கணக்கின் கார்டாக இருக்க வேண்டியதில்லை என்ற பாடத்தை அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன இரண்டு எண்களின் விளைவு பயணத்தில்தான் பையைத் தொடுகிறது. கைப்பேசியிலும் கடிகாரத்திலும் இருப்பது ஒரே கார்டுதான் என்பது நமக்கும் வங்கிக்கும் தெரியும், வாயிலுக்குத் தெரியாது. அதன் கண்ணில் அவை இரண்டு வெவ்வேறு பயணிகள். நிலையத்துக்குள் நுழையும்போது கைப்பேசியைக் காட்டி, வெளியேறும்போது கடிகாரத்தைக் காட்டினால், நுழைந்து வெளியேறாத ஒருவரும் நுழையாமலே வெளியேறிய ஒருவரும் உண்டானதாகக் கணக்கு எழுகிறது. இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விதிக்கப்படலாம். பேருந்தில் இது இன்னும் சத்தமில்லாமல் நடக்கிறது. லண்டன் பேருந்துக் கட்டணம் 2023 மார்ச்சில் 1.75 பவுண்டு ஆனது. முதல் பேருந்தில் தொட்ட நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அந்த ஒரு கட்டணமே போதும். முதல் பேருந்தில் கைப்பேசியையும் பத்து நிமிடம் கழித்து இரண்டாவதில் கடிகாரத்தையும் காட்டியவருக்கோ 3.50 பவுண்டு கழியும். அந்தக் கட்டணப்படி நாளொன்றுக்கான பேருந்து உச்சவரம்பு 5.25 பவுண்டு, அதாவது மூன்று பயணங்களின் தொகை. போதிய இடைவெளியில் நான்கு பயணம் சென்றவர் எல்லாவற்றுக்கும் ஒரே கருவியைக் காட்டியிருந்தால் 5.25-இல் நின்றிருப்பார், இரண்டுக்குக் கைப்பேசியும் இரண்டுக்குக் கடிகாரமும் காட்டியிருந்தால் ஏழு பவுண்டு கொடுத்திருப்பார். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரிலும் இதே நிலைதான். 2019-இல் அங்கே சிம்ப்ளிகோ முறை வந்தபின், வங்கிக் கார்டையும் அது சேர்க்கப்பட்ட கருவிகளையும் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் காட்டலாம். அங்கே கட்டணம் தூரத்தைப் பொறுத்தது; பேருந்திலிருந்து இறங்கும்போதும் தொட வேண்டும்; 45 நிமிடத்துக்குள் அடுத்த வாகனத்தில் ஏறினால் முந்தைய பயணத்தின் தொடர்ச்சியாகவே கட்டணம் கணக்கிடப்படும். ஏறும்போது ஒன்றையும் இறங்கும்போது மற்றொன்றையும் காட்டினால் தூரக் கணக்கும் தொடர்ச்சியும் ஒன்றாகக் குலைந்துபோகின்றன. ஒரே கார்டிலிருந்து பிறந்த எண்களை இணைத்துக் காட்டுவதற்கென்று இஎம்விகோ 29 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு பொதுக் குறியீட்டை வகுத்திருக்கிறது. போக்குவரத்து அமைப்புகள் அதைத் தங்கள் கட்டணக் கணக்கில் முழுமையாகக் கையாளத் தொடங்கினால் இந்தச் சிக்கல் தீரும். அதுவரை பொறுப்பு பயணியின் தலையில்தான் விழுகிறது. அது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் இந்த எண்கள் வெவ்வேறானவை என்பதை அவருக்கு யாரும் கண்ணில் படும்படி சொல்வதில்லை.

ஜப்பானில் வேறு விதமாக யோசித்திருக்கிறார்கள். 2001 நவம்பரில் தொடங்கிய சுய்கா ரயில் கார்டில் பணம் வங்கியில் இல்லாமல் கார்டுக்கே உரிய இருப்பாக இருக்கிறது. 2016 அக்டோபரில் அது ஐபோனிலும் ஆப்பிள் வாட்ச்சிலும் வந்தபோது, ஒரு சுய்கா ஒரு நேரத்தில் ஒரு கருவியில் மட்டுமே இருக்க முடியும் என்று வைத்தார்கள். கைப்பேசியிலிருந்து கடிகாரத்துக்கு மாற்றினால் இருப்பும் சேர்ந்து இடம்பெயரும். கைப்பேசியில் அந்த சுய்கா மிஞ்சாது. கேட்பதற்குக் கெடுபிடியாகத் தோன்றினாலும், ஒரே சுய்கா வைத்திருப்பவர் இரண்டு பயணிகளாகப் பிரிய இங்கே வழியே இல்லை.

கடைகளில் இரண்டு எண்களின் தொல்லை அரிதாகத்தான் வரும், வந்தால் குழப்பமாக இருக்கும். கடிகாரத்தால் வாங்கிய சட்டையைத் திருப்பிக் கொடுக்கச் செல்லும்போது, ரசீதிலுள்ள கடைசி நான்கு இலக்கங்கள் பர்ஸில் இருக்கும் அட்டையோடு பொருந்தாது. அது கடிகாரத்தின் எண். அதே கடிகாரத்தை மெஷினில் காட்டினால் பணம் உரிய கணக்குக்குத் திரும்பும். காசாளருக்கு இது தெரியாவிட்டால், கருவியின் அமைப்புப் பக்கத்தில் அந்தக் கார்டைத் திறந்து, அங்கே காட்டப்படும் கருவி எண்ணின் கடைசி இலக்கங்களைக் காட்டலாம்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐபோன் எக்ஸ்எஸ் முதலான கைப்பேசிகளில் சார்ஜ் தீர்ந்து அணைந்த பிறகும் விரைவுப் பயணக் கார்டு ஐந்து மணி நேரம் வரை செல்லும். கடிகாரத்தில் அந்த வசதி இல்லை. லண்டனில் பயணத்தின் நடுவே கருவி அணைந்துபோனால், பரிசோதகரிடம் காட்டவும் வெளியேறும்போது தொடவும் முடியாது. அபராதக் கட்டணமோ 2024 முதல் 100 பவுண்டு. இரவெல்லாம் தூக்கத்தை அளந்துவிட்டுக் காலையில் சார்ஜ் குறைந்த கடிகாரத்தோடு புறப்படுபவர்கள் இதை மறக்கக்கூடாது.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இன்னும் அவ்வளவு கனம் இல்லை. இங்கே கைப்பேசியில் பணம் செலுத்துவது என்றால் பெரும்பாலும் 2016-இல் தொடங்கிய யுபிஐதான். கடை முகப்பில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தை கேமராவால் ஸ்கேன் செய்து, தொகையையும் பின் எண்ணையும் இடுகிறோம். கேமரா இல்லாத கடிகாரம் இந்த வேலையில் கைப்பேசிக்குப் போட்டியாக முடியாது. கார்டு மெஷின் உள்ள கடைகளில்தான் அதற்கு இடமுண்டு. ரிசர்வ் வங்கி 2019 ஜனவரியில் டோக்கன் முறையை அனுமதித்தபோது கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமே வழிவிட்டது. கைக்கடிகாரம், கைப்பட்டை போன்றவற்றுக்கு 2021 ஆகஸ்டில்தான் கதவு திறந்தது. பின் எண் இல்லாமல் தொட்டுச் செலுத்தும் கார்டு வரம்பு 2021 ஜனவரி முதல் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது.

இதற்கிடையே 2020-இல் டைட்டன் நிறுவனம் பாரத ஸ்டேட் வங்கியோடு சேர்ந்து, வாருக்குள் பணம் செலுத்தும் சில்லு பதித்த சாதாரண முள் கடிகாரங்களைக் கொண்டுவந்தது. இத்தகைய கடிகாரத்தை ஸ்மார்ட்வாட்ச்சோடு ஒன்றாகக் கருதிவிடக்கூடாது. வாரில் இருக்கும் சில்லுக்கு அது யார் கையில் இருக்கிறது என்று தெரியாது. தோலை உணர்வதில்லை, கழற்றினால் பூட்டிக்கொள்வதில்லை. பாதுகாப்பைப் பொறுத்தவரை அது மணிக்கட்டில் கட்டிய பிளாஸ்டிக் கார்டுதான், பிளாஸ்டிக் கார்டின் வரம்பே அதற்கும் பொருந்தும். கடையில் ‘பணம் செலுத்தும் கடிகாரம்’ என்று விற்கப்படும் ஒன்றை வாங்கும்முன், கழற்றினால் அது பூட்டிக்கொள்கிறதா என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இத்தனையையும் வைத்துப் பார்க்கும்போது, கூட்டத்தில் அடிக்கடி சிறு தொகை செலுத்துபவருக்குக் கடிகாரமே பாதுகாப்பானது என்பது என் முடிவு. கைப்பேசி வெளியே வராமல் இருப்பதே அந்தப் பாதுகாப்பில் பாதி. பெரிய தொகைக்கு, செலுத்தும் கணத்தில் முகத்தைக் கேட்கும் கைப்பேசி மேலானது. ஒரு நாள் முழுதும் நீளும் நம்பிக்கையைவிடச் சில நொடிகளே நீளும் நம்பிக்கை தொகைக்கு ஏற்றது. லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்ச் சில வாரம் தங்கும் பெற்றோர் இரண்டு கருவிகளையும் எடுத்துச்செல்வதாக இருந்தால், பயணத்துக்கான கார்டை அவற்றுள் ஒன்றில் மட்டும் சேர்த்துவிட்டு மற்றதிலிருந்து நீக்கிவிடுவது நல்லது. அவசரத்தில் எந்தக் கையை நீட்டினாலும், சேர்க்காத கருவியில் வாயில் திறக்காதே தவிர, கட்டணம் இருமுறை கழியாது.